கலங்கியவர்களும் விசுவாசிகள்தான்
மெய்யான விசுவாசமுள்ள மிஷனரிகள் நோயிலும் மரணத்திலும் ஒருநாளும் கலங்கியதில்லை என்று மிஷனரிகளைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டுரை புகழும் பர்மா மிஷனரி அதோனிராம் ஜட்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1826இல் மனைவி ஆன் காய்ச்சலில் இறந்தபோது அவர் பக்கத்தில்கூட இல்லை. சுமார் ஆறு மாதத்தில் கைக்குழந்தை மரியாவும் போய்விட்டாள். அப்புறம் காட்டில் ஒரு குடிசையில் தனித்திருந்தார். குழி ஒன்றை வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்து தன் சாவையே நினைத்துக்கொண்டிருந்தார். தேவனை நம்புகிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்று எழுதினார். அதே மனிதர்தான் 1834இல் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தார். அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று. 1831இல் உடன் ஊழியர் ஜார்ஜ் போர்டுமேன் காசநோயில் இறந்ததும், அவர் மனைவி சாராவுக்கு ஜட்சன் கடிதம் எழுதினார். இந்தக் கசப்பின் அடிமண்டி எனக்கும் தெரியும், நீங்கள் எதிர்பார்த்ததைவிட அது கசப்பாகவே இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார். சாரா ஊர் திரும்பவில்லை. பர்மாவின் கரேன் இன மக்களிடையே ஊழியத்தைத் தொடர்ந்தார். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், துக்கத்தில் இருப்பவருக்கு "வசனம் சொன்னாலே போதும்" என்கிறார். சகோதரரே, எனக்குத் தெரிந்த ஊழியர் ஒருவர் மகனைப் பறிகொடுத்தபோது வந்தவர்கள் எல்லாரும், தேவனை நேசிக்கிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கே நடக்கிறது என்னும் ரோமர் 8:28 வசனத்தைத்தான் சொன்னார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிள்ளையை இழந்த இன்னொரு ஊழியர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் வாய்விட்டு அழுதார். சீக்கிரமே அவரைப் பணிக்குத் திரும்பச் சொன்ன பொறுப்பாளர்கள், கலங்காத மிஷனரிகள் என்ற இதே கதையைத்தான் அவருக்கு எடுத்துச் சொன்னார்கள்.