அந்தப் படங்கு எங்கே?

எங்கள் சனம் இந்தியாவிலிருந்து இலங்கை மலைத் தோட்டங்களுக்கு வந்த கதையைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நாடகத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அதில் உடுப்பு காலத்துக்குப் பொருந்தவில்லை என்று நான் சொன்னதற்கு இரண்டு நாளாக இன்பொக்ஸில் வந்தவற்றைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "உடுப்பைப் பார்க்கவா அக்கா நாடகத்துக்குப் போனீங்க?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆமாம் தம்பி, உடுப்பையும் பார்க்கத்தான் போனேன். பதினாறு வருடமாக அதுதான் என் தொழில்.

முதல் காட்சி 1840கள் என்று திரையில் எழுத்துப் போட்டார்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வருகிற சனம். பசி, காய்ச்சல், வழியில் சாவு. அந்தப் பெண்களுக்கு உடுத்திவிட்டது பளபளக்கும் ரோஸ் ஜோர்ஜெட் சேலை. முன்னால் விசிறி மடிப்பு, தோளில் பின் குத்திய முந்தானை. செயற்கைச் சாயம் என்ற ஒன்றே 1856இல்தான் வந்தது, இலண்டனில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தற்செயலாகக் கண்டுபிடித்தது. அந்தச் சேப்டி பின்னுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1849இல். அடுத்த காட்சியில் அதே பெண்கள் கூடை போட்டுக் கொழுந்து பறிக்கிறார்கள். அப்போது மலையில் இருந்தது கோப்பி. கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் போட்டதே 1867இல்.

இதைச் சொன்னால் நுணுக்கம் பார்க்கிறேனாம். ஒரு வெள்ளைக்காரத் துரையை நைலோன் டீசேட்டில் மேடையேற்றியிருப்பீர்களா? அவருக்குத் தொப்பி, சப்பாத்து, கையில் பிரம்பு என்று எல்லாம் சரியாக இருந்ததே! துரைக்குத் தேடத் தெரிந்தவர்களுக்கு எங்கள் பெண்களுக்குத் தேடத் தெரியவில்லை. என் கோபம் இதுதான், வேறு ஒன்றுமில்லை.

காசு இல்லை என்கிறார்கள். கொழும்பு கெய்சர் வீதியில் காடாத் துணி வாங்கியிருந்தால் அந்தச் சமிக்கி வைத்த ஜோர்ஜெட்டை விட மலிவாக முடிந்திருக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போய் வாங்கிக் கொடுத்திருப்பேன். அந்தக் காலத்து மாதிரி ரவிக்கை இல்லாமல் எப்படி மேடையேற்றுவது என்று கேட்டவர்களுக்கு: எனக்கும் தெரியும், அப்படி ஏற்ற முடியாது. மங்கின நிறத்தில் சாதாரண ரவிக்கை போதும். தோட்டப் பெண்களின் பழைய ஸ்டூடியோ படங்களை நம்ப முடியாது, அவை சோடித்து எடுத்தவை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியான பேச்சு. ஆனாலும் சேலைக் கட்டு தெரிகிறதே. பின்கொசுவம் வைத்து, முந்தானையைச் சுற்றி இடுப்பில் இறுக்கிச் செருகிய கட்டு. குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிறவளின் கட்டு அது.

"எங்கள் சனத்தை அழகாகக் காட்டினால் உங்களுக்கு என்ன?" என்ற கேள்விதான் என்னைச் சுட்டது. யார் சொன்னது அவர்கள் அழகில்லை என்று? பளபளப்பு இல்லாவிட்டால் அசிங்கம் என்று யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது?

என் அம்மாயி தேயிலை மலையில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவ. விடியற்காலையில் சேலைக்கு மேல் படங்கு என்கிற முரட்டுத் துணியைச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவா. பனியில் நனைந்த செடியும் கவ்வாத்து வெட்டின குச்சியும் தொடையைக் கிழிக்காமல் இருக்க அந்தப் படங்குதான் காவல். மழை என்றால் தலைக்குக் கொங்காணி. அவவுடைய பாட்டி காலத்தில் கறுப்புக் கம்பளி, அதையும் தோட்டம் சும்மா கொடுக்கவில்லை, சம்பளத்தில் பிடித்தது. உடம்பில் கிடந்த துணியே கடன். இதை எந்த வசனத்தில் சொல்வீர்கள்? ஒரு கம்பளியை மேடையில் போர்த்திவிட்டால் போதும், பார்க்கிறவனுக்கு விளங்கும்.

துணி எங்களுக்கு எப்போதுமே சும்மா கிடைத்ததில்லை. திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக அடிபட்டு, வீடு எரிந்து, 1859இல்தான் எல்லா நாடார் பெண்களுக்கும் மார்பை மூட அனுமதி கிடைத்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாதாம். யாழ்ப்பாணத்தில் மட்டும் என்ன? அங்கேயும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களை மேலாடை போட விடாமல் வைத்திருந்தார்கள். யார் எதை உடுத்தலாம், எதுவரை உடுத்தலாம் என்று அடித்துச் சொன்ன சமூகம் இது. இங்கே வந்து உடுப்பில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறார்கள்.

சரி, சொல்லாமல் விட நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒத்திகை தொடங்கிய நேரத்தில் என்னிடம் யோசனை கேட்டார்கள். அம்மாயியின் படங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கயிறு உரசி உரசி இடுப்புப் பக்கம் வழவழப்பாகிவிட்ட படங்கு, கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை. கட்டிக் காட்டவும் தயாராகப் போனேன். "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்றார்கள். நாடகம் முடிந்து வெளியே வரும்போது ஒரு பிள்ளை ஓடி வந்து பையைத் திருப்பித் தந்தது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.