போனது அட்டைதான், பட்டியல் இல்லை

"நூலகங்களில் பட்டியலிடும் வேலை 2015-லேயே முடிந்துவிட்டது, இனி ஆளே தேவையில்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அந்த ஆண்டு அக்டோபரில் நூலகங்களின் கூட்டமைப்பான ஓசிஎல்சி (OCLC) நிறுத்தியது, நூல் விவரங்கள் கொண்ட பட்டியல் அட்டைகளை அச்சிடுவதை மட்டும்தான்.

வேலை மாறியிருக்கிறது, சரி. பல்கலைக்கழக நூலகங்கள் இன்று பெரும்பாலும் பிற நூலகங்கள் தயாரித்த நூல் விவரப் பதிவுகளை எடுத்துத் திருத்திக்கொள்கின்றன. மின்னூல் பதிவுகள் மொத்தமாக வந்து இறங்குகின்றன. அவற்றில் ஒரே பெயருள்ள இரண்டு ஆசிரியர்கள் ஒருவராகிவிட்டால்? பிரித்து வைக்க ஆள் வேண்டும். நூல் விவரங்களைக் கணினியில் பதிய 1960-களில் பிறந்த மார்க் (MARC) வடிவமே இன்னும் ஓய்வு பெறவில்லை. அதற்கு மாற்றாக உருவாக்கப்பட்ட பிப்ஃபிரேம் (BIBFRAME) அதன் பக்கத்தில் வளர்ந்துவருகிறது.

ஓசிஎல்சியின் 2015 அறிவிப்பையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பிப்ஃபிரேம் பக்கத்தையும் இணையத்தில் பார்க்கலாம். அந்தச் செய்தியை மேலும் அனுப்பாதீர்கள்.