கடைசி நாள் உள்ளேயா, வெளியேயா?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். அதனால் மதியம் மூன்று மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் மூன்று மணிக்குத் தர வேண்டும். அதே மூன்று மணிக்கு அடுத்த பார்ட்டி பாத்திரங்களோடு வந்து நிற்கும். இந்த இரண்டு புக்கிங்கும் மோதுகிறதா?

நான் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் மோதாது. 2012-இல் 9.2 பதிப்பில் ரேஞ்ச் வகைகள் (தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மதிப்பாக வைப்பவை) வந்தபோதே, நாம் எதுவும் சொல்லாவிட்டால் தொடக்கம் சேர்த்தி, முடிவு சேராது என்று வைத்துவிட்டார்கள். 'இதிலிருந்து இதுவரை' என்று தேடும் பிட்வீனில் இரண்டு முனையும் சேரும் என்பதால் அதில் பழகியவர்களுக்கு இது உறுத்தும். உறுத்தட்டும், சரியான டீஃபால்ட் இதுதான். எல்லையில் எந்தப் பக்கம் என்பதை யாராவது ஒரு தடவை தீர்மானித்துத்தான் ஆக வேண்டும். 2023-இல் மேஷ சங்கிராந்தி பிற்பகலில் வந்தது. தமிழ்க் கணக்கில் அன்றே, ஏப்ரல் 14, சித்திரை பிறந்தது. மலையாளக் கணக்கில் விஷு 15-ஆம் தேதி. இரண்டு காலண்டரும் மாட்டிய வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. யாரும் குழம்பவில்லை, ஏனென்றால் இரண்டுக்கும் விதி உண்டு.

எனக்குக் கோபம் வேறு இரண்டு விஷயத்தில். தேதிகளுக்கான ரேஞ்சான டேட்ரேஞ்சுக்கு இரண்டு முனையிலும் மே 11 என்றே கொடுத்துப் பாருங்கள். ஒருநாள் புக்கிங் என்று நாம் நினைப்போம்; அது வெற்று ரேஞ்ச். வெற்று ரேஞ்ச் எதோடும் மோதாது, ஆகவே மோதல் தடை போட்டிருந்தாலும் அதே நாளுக்கு இன்னும் நாலு பேரைப் பதியலாம். தேதிகளை முன்பின்னாகக் கொடுத்தால் பிழை என்று கத்துகிற டேட்டாபேஸ், இதற்கு மட்டும் வாய் திறப்பதில்லை!

அடுத்தது நல் (NULL), அதாவது நிரப்பாமல் விட்ட மதிப்பு. முடிவுத் தேதியைக் காலியாக விட்டால் 'தெரியாது' என்று அர்த்தமில்லை, 'எல்லையே இல்லை' என்று அர்த்தம். ஆபீஸ் பையன் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தால் யுகமுடிவு வரை மண்டபம் அந்தக் கவுண்டர் வீட்டுக்கே. எல்லையில்லாத காலம் நிஜமாகவே வேண்டியவர்கள் அதை வாய்விட்டுக் கேட்கட்டும். மறதிக்கும் முடிவிலிக்கும் ஒரே எழுத்துமுறை கொடுத்தது தப்பு.

இப்போதைக்கு வெற்று ரேஞ்சும் முடிவில்லாத ரேஞ்சும் நுழையாதபடி டேட்டாபேஸ் டேபிளிலேயே செக் (சரிபார்ப்பு விதி) போட்டிருக்கிறேன். அப்புறம், முழு நாள் புக்கிங்கைத் திரையில் காட்டும்போது முடிவிலிருந்து ஒரு நாளைக் கழித்துவிடுங்கள். மண்டபக்காரருக்கு 30 வரை என்றால் 30-உம் சேர்த்துத்தான்.