காலணியின் வாரும் கரடியின் நாக்கும்

கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவள் என்ற முறையில், முன்னேற்றத்தைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களை நாம் சொல்லிக்கொடுக்கும் விதம் குறித்து எனக்கு நெடுநாளாகவே ஒரு மனக்குறை உண்டு. 'டர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்றால் திருந்துதல், 'டர்ன் தி கார்னர்' என்றால் தேறுதல், 'லிக் இன்டு ஷேப்' என்றால் செம்மைப்படுத்துதல் என்று பொருளை மட்டும் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். யார் யாரை மேலே கொண்டுவந்தார் என்ற செய்தியும் இத்தகைய தொடர்கள் பலவற்றுக்குள் இருக்கிறது. அதை விட்டுவிடுவதால், பிள்ளைகள் தம் வாழ்க்கையைப் பற்றியே உண்மைக்குப் புறம்பாக எழுதிவிடுகிறார்கள்.

சென்ற மாதம் ஒரு மாணவி, நேர்முகத் தேர்வுக்காக எழுதிய தன்னறிமுகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவர்தான் அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. சொந்த முயற்சியால் மேலே வந்தவள் என்ற பொருளில், 'ஐ புல்டு மைசெல்ஃப் அப் பை மை பூட்ஸ்ட்ராப்ஸ்' என்று தொடங்கியிருந்தார். இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் அந்த வரியைக் கடந்து என்னால் மேலே படிக்க முடியவில்லை.

உயரமான பூட்சைக் காலில் மாட்டும்போது பிடித்து இழுப்பதற்காக அதன் மேல்விளிம்பில் தைத்திருக்கும் சிறு வார்தான் பூட்ஸ்ட்ராப். பூட்ஸ் அணிந்தபடியே குனிந்து, இரு கைகளாலும் அந்த வார்களைப் பற்றி எவ்வளவு இழுத்தாலும் உடல் தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாது. நடக்கவே நடக்காத காரியத்தைச் சுட்டத்தான் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் இதைச் சொன்னார்கள். ஓயாமல் தானே இயங்கும் பொறியைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கூறிக்கொண்ட ஒருவரை, இனி இவர் தம் பூட்ஸ் வாரைப் பிடித்தே ஆற்றைத் தாண்டிவிடுவார் என்று 1834இல் அங்குள்ள செய்தித்தாள் ஒன்று கேலி செய்தது. அந்தக் கேலி 20ஆம் நூற்றாண்டில் பாராட்டாக மாறி, பிறகு ஏழைகளுக்குச் சொல்லும் அறிவுரையாகவும் ஆகிவிட்டது.

மார்ட்டின் லூதர் கிங் இதை நன்றாக உணர்ந்திருந்தார். 1968 மார்ச் 31 அன்று, சுட்டுக் கொல்லப்படுவதற்கு நான்கு நாள்களுக்கு முன்னர், வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் பேசியபோது, பூட்சே இல்லாதவனிடம் வாரைப் பிடித்து எழுந்திரு என்று சொல்வது கொடிய பரிகாசம் என்றார். அடிமைத்தளையிலிருந்து விடுவித்த மக்களை வெறுங்கையோடு விட்ட அதே நாடு, மேற்குப் பகுதியில் குடியேறிய வெள்ளையருக்கு நிலத்தை வாரி வழங்கியதையும் அவர் எடுத்துக்காட்டினார். 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பித்த ஒருவருக்கு 160 ஏக்கர் வரை கிடைத்தது. தம் முயற்சியால் எழுந்ததாகச் சொல்லப்பட்டவர்களின் காலடியில் அவ்வளவு மண் இருந்தது. கணினியை 'பூட்' செய்கிறோம் என்ற சொல்லும் இந்த வாரிலிருந்து வந்ததுதான். அங்கேகூட, மற்றதையெல்லாம் எழுப்பிவிடும் முதல் சிறு நிரலை யாரோ முன்னதாகவே உள்ளே வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தொடர் 'லிக் இன்டு ஷேப்'. கரடிக்குட்டி பிறக்கும்போது எலியைவிடச் சற்றே பெரிதாக, கண்ணும் மயிரும் இல்லாத வெளுத்த சதைப்பிண்டமாகவே இருக்கும் என்றும், தாய் நக்கி நக்கித்தான் மெல்ல அதற்கு உருவம் தருகிறது என்றும் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்தார். 1646இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் பிரவுன் அது தவறு என்று மறுத்தார். தொடர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று புதிதாகச் சேர்ந்தவர்களை அதிகாரி அதட்டிப் பழக்குவதற்கு அதைப் பயன்படுத்துவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அதன் அடியில் இருப்பது சலிக்காத ஒரு தாயின் நாக்கு. நம்முடைய 'ஆளாக்குதல்', 'கைதூக்கி விடுதல்', 'கரையேற்றுதல்' எல்லாவற்றிலும் அப்படித்தான் இன்னொருவர் உடன் இருக்கிறார்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவி, "அப்படியானால் நான் உழைத்தது ஒன்றுமே இல்லையா மேடம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இரவெல்லாம் விழித்துப் படித்தது அவர்தான், அதை யாரும் மறுக்க முடியாது என்றேன். தேர்வுக் கட்டணத்தை யார் கட்டினார்கள் என்று கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, 'கெட் ஆன் மை ஃபீட்' என்ற தொடரை வைத்து வேறொரு வரி எழுதினார்: வளையல்களை அடகு வைத்த அம்மாவும், மூன்றாண்டுகள் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்ட அத்தையும் நான் காலூன்ற உதவினார்கள், அதன்பின் நான் நடந்தேன்.