பயோவா, மெத்ஸா?

போன கிழமை மாமி வட்சப்பில் எடுத்து, "என்ன மகன், கலாநிதிப் பட்டமும் எடுத்தாச்சு எண்டாங்க, இன்னும் படிச்சு முடியல்லையா?" என்று கேட்டார். நான் செய்வது போஸ்ட்டொக், கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு ஓர் ஆய்வுகூடத்தில் செய்கிற ஆராய்ச்சி. அது படிப்பு இல்லை, வேலை. மாதம் முடியச் சம்பளம் வரும், வரி வெட்டுவார்கள், இரண்டு மூன்று வருட ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த இடம் தேட வேண்டியதுதான். மாமிக்கு இதை விளங்கப்படுத்தி முடியவில்லை, விட்டுவிட்டேன்.

ஆனால் மட்டக்களப்பு வந்தாறுமூலைக் கம்பஸில் கடைசி வருடம் கணிதம் செய்கிற ஒரு தம்பி கேட்டதை விட முடியவில்லை. "அண்ணா, நீங்க செய்றது பயோலஜிதானே. நாங்க மெத்ஸ் ஆக்கள், அதெல்லாம் எங்களுக்குச் சரிவராதுதானே?"

கோபம் வந்தது. தம்பி மேல் இல்லை. ஓ.எல். முடிவு வந்த அன்றே ஏ.எல்.லுக்கு "பயோவா, மெத்ஸா" என்று கேட்டுப் பிள்ளைகளை இரண்டு பட்டியில் அடைக்கிறோமே, அதன் மேல். பயோ எடுத்த பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் ஊரே துக்கம் விசாரிக்கும். மெத்ஸ் எடுத்த பிள்ளை அதற்குப் பிறகு ஒரு கலத்தின் படத்தைக்கூடப் பார்ப்பதில்லை. நானும் மெத்ஸ்தான். இப்போது சோறு போடுவது சிஸ்டம்ஸ் பயோலஜி, நம் பாடப்புத்தகத் தமிழில் சொன்னால் தொகுதி உயிரியல்.

அது என்ன என்று கேட்டால் நான் நம் மட்டக்களப்பு வாவியைத்தான் காட்டுவேன். மாரியில் வெள்ளம் ஏறினால், வாவி கடலைச் சேருகிற முகத்துவாரத்தை வெட்டுவதா விடுவதா என்று பேச்சு எழும். வெட்டினால் வயலில் நின்ற தண்ணீர் வடியும், ஆனால் வாவியில் உப்பு ஏறும், மீனும் இறாலும் அதோடு மாறும். ஒரு மீனைப் பிடித்து அறுத்துப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியுமா? எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கலமும் அப்படித்தான். ஈ.கோலை பக்டீரியாவில் ஏறத்தாழ 4,300 மரபணுக்கள். எல்லாவற்றையும் பட்டியல் போட்டு வைத்தாலும், குளுக்கோசு தீர்ந்தவுடன் எது எதைத் தூண்டும், எது எதை அடக்கும், எவ்வளவு வேகத்தில் என்பது பட்டியலில் இருக்காது. அதற்கு வகையீட்டுச் சமன்பாடு வேண்டும். இணைந்த கணிதத்தில் நாம் வியர்த்துப் படித்தோமே வகையீடு, அதன் மேலேதான் இது நிற்கிறது.

இது புதுப் பைத்தியமும் இல்லை. நாம் கறி வைக்கிற கணவாய் இருக்கிறதே, அதன் தடித்த நரம்பிழையில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1952இல் சமன்பாடுகளாக எழுதினார்கள். கையால் சுழற்றுகிற கணிப்பானை வைத்து ஹக்ஸ்லி கிழமைக் கணக்கில் அவற்றைத் தீர்த்தார். 1963இல் நோபல் பரிசு. இடையில் 1960இல் டெனிஸ் நோபிள் என்ற உயிரியலாளர் அதே வழியில் இதயக் கலத்தின் துடிப்பைக் கணினியில் ஓட விட்டார். (பெயரில்தான் நோபிள், பரிசு வரவில்லை.)

அதனால் தம்பி, இந்தத் துறையில் கணிதக்காரருக்குக் கதவு மூடவில்லை, ஆள் தேடுகிறார்கள். ஹியூமன் ஃபுரொன்டியர் சயன்ஸ் புரோகிராம் என்ற சர்வதேச அமைப்பு, உயிரியலுக்கு வெளியே பௌதிகம், கணிதம், கணினி என்று கலாநிதிப் பட்டம் எடுத்தவர்களுக்காகவே மூன்று வருடப் புலமைப்பரிசில் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது. இலங்கை அதில் உறுப்பு நாடு இல்லை. ஆனால் போகிற ஆய்வுகூடம் உறுப்பு நாடொன்றில் இருந்தால் நாமும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவின் மேரி கியூரி புலமைப்பரிசிலில் வேறொரு கணக்கு: கடைசி 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், போக விரும்புகிற நாட்டில் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் கலாநிதிப் பட்டம் முடித்த கையோடு ஜெர்மனிக்கே கேட்டால் சரிவராது. இதெல்லாம் நாமாக எழுதி வெல்கிற பணம். மற்ற வழி, பேராசிரியர் தன் ஆய்வு நிதியில் ஆள் எடுப்பது. பெரும்பாலானோர் இந்த வழியில்தான் போகிறோம்.

நான் முதலில் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி முப்பதுக்கு மேற்பட்ட ஆய்வுகூடங்களுக்கு அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை, ஒருவரைத் தவிர. "என்னுடைய கட்டுரைகளில் எதை வாசித்தீர்கள்?" என்று ஒரே வரி. எதையும் வாசிக்கவில்லை. பிறகு ஒருவரின் கட்டுரையில் இருந்த கணித மாதிரியை, அதாவது சமன்பாடுகளை, நானே கணினியில் திரும்ப ஓட்டி, எந்த இடத்தில் என் வரைபடம் அவருடையதோடு பொருந்தவில்லை என்று எழுதினேன். அடுத்த நாளே சூம் அழைப்பு வந்தது.

அந்த வேலைக்கு ஆய்வுகூடமோ மைனஸ் எண்பது பாகை குளிரூட்டியோ வேண்டியதில்லை. இப்படியான மாதிரிகளை ஓட்டுகிற கொபாசி என்ற மென்பொருள் இலவசம், பயோமொடல்ஸ் தளத்தில் வெளியான மாதிரிகள் இலவசம், சாதாரண மடிக்கணினி போதும். கரண்ட் போனால்கூட பற்றரி தாங்கும்.

இது சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது விசாவை நினைத்து நித்திரை வராது. பேராசிரியர் பதவி வெகு சிலருக்குத்தான். ஊரில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வர முடியாது.

அடுத்த மாதம் லீவில் வருகிறேன். மாமி கணவாய்க் கறி தருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பியையும் மடிக்கணினியோடு வரச் சொல்லியிருக்கிறேன், ஹக்ஸ்லியின் சமன்பாட்டை அங்கேயே ஓட்டிப் பார்ப்போம். பயோ படித்த ஒருவரையும் கூட்டி வா என்றேன்.