17 சதவீதமும் எங்கள் களத்து நெல்லும்

எங்கள் ஊர் காவிரி டெல்டாவில், வெண்ணாற்றுக் கரையில் இருக்கிறது. இந்தக் குறுவை அறுவடையில், அரசு நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டு அப்பா 11 இரவுகள் அங்கேயே படுத்திருந்தார். மேகம் கறுத்தால் படுதாவை இழுத்து மூடுவார். வெயில் தலைகாட்டினால் விலக்கிவிட்டுக் காலால் கிளறிவிடுவார். எட்டாம் நாள் குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். கடக்கென்று உடைந்தது. "காய்ந்துவிட்டது தம்பி, வைத்துப் பாருங்கள்" என்றார் பட்டியல் எழுத்தரிடம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நிலையத்தில் எடுப்பார்கள். ஈரம் அளக்கும் கருவி 18.4 காட்டியது. "நாளைக்குப் பார்க்கலாம் ஐயா" என்றார் அவர். அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது.

அந்த எழுத்தர் பிள்ளை மீது எனக்குக் கோபமில்லை. ஈரம் கூடிய நெல்லை எடுத்துவிட்டுக் கிடங்கில் எடை குறைந்தால், அந்தக் கணக்கு கடைசியில் அவர் தலையில்தான் விழும். தரக் கட்டுப்பாடே கூடாது என்று சொல்லவும் நான் வரவில்லை. நெல்லை நெடுநாள் கெடாமல் வைக்க ஈரப்பதம் 14 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஈரம் கூடினால் மூட்டைக்குள் சூடு ஏறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பேறும். அந்த அரிசி ரேஷன் கடைக்குத்தான் போகிறது. எங்கள் தெருவில் நெல் விளைவிக்கும் வீடுகளிலேயே பாதிப் பேர் அதைத்தான் உண்கிறோம். 17 என்ற வரம்பே ஓரளவு விட்டுக்கொடுத்து வைத்ததுதான்.

என் சண்டை அந்த எண்ணை வைத்திருக்கும் விதத்தோடு. 17 என்றால் உள்ளே, 17.5 என்றால் வெளியே. நடுவில் எதுவும் இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் தண்ணீர் போக 80 கிலோ இருக்கிறது. அதையே 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 96.4 கிலோவாகும். குறைவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்றே அதிகம். 2025-26 பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். பொது ரகத்தில் அந்த எடைக் குறைவின் மதிப்பு 90 ரூபாய். காயவைக்கும் செலவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அன்றைக்கே நெல்லை எடுத்துக்கொண்டால், எங்கள் ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள். திருப்பி அனுப்பினால் என்ன ஆகிறது? வாசலிலேயே லாரியோடு நிற்கும் வியாபாரியிடம் நெல் போகிறது. அவர் குறைப்பது 90 ரூபாய் அல்ல, பல நூறு. இரவில் மழை வரும் என்று அவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும்.

மறுபக்கத்தையும் யாரும் பேசுவதில்லை. ஒருவர் பாடுபட்டு 14 சதவீதம் வரை காயவைத்துக் கொண்டுவந்தால் அவருக்கு என்ன கிடைக்கிறது? 17-இல் இருந்து 14-க்கு வரும்போது குவிண்டாலுக்கு மூன்றரைக் கிலோ எடையை இழக்கிறார், அதாவது 87 ரூபாய். விலை அதே விலைதான். கிடங்குக்கு மிகவும் பாதுகாப்பான நெல்லைக் கொடுத்தவருக்கு நட்டம்! தரம் என்று பேசும் ஒரு முறை, நல்ல தரத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தராமல் இருப்பது எப்படி நியாயம்?

அறுவடையும் முன்பு போல் இல்லை. ஆள் வைத்து அறுத்த காலத்தில், அறுத்த அரி ஒன்றிரண்டு நாள் வயலிலேயே கிடந்து காய்ந்த பிறகுதான் கட்டு கட்டிக் களத்துக்கு வரும். இன்று அறுவடை இயந்திரம் நின்ற பயிரை அறுத்து, அந்த நொடியே அடித்து, டிராக்டர் பெட்டியில் கொட்டிவிடுகிறது. ஈரம் 20-க்கு மேல் இருப்பதுதான் இயல்பு. குறுவை முற்றுவதோ புரட்டாசி, ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும் நேரம் அது. ஆள் பற்றாக்குறையால் இயந்திரத்துக்கு மாறினோம், களங்கள் வீட்டு மனைகளாயின. அதனால்தான் நெல் தார்ச்சாலையில் காய்கிறது. பைக்கில் போகிறவர்கள் திட்டுகிறார்கள், அவர்கள் கோபமும் நியாயமானதுதான்.

உலர்த்தும் இயந்திரம் ஏதோ புதிய கண்டுபிடிப்பு அல்ல. புழுங்கல் அரிசி ஆலைகளில் அது அன்றாடம் ஓடுகிறது. இதை ஒவ்வொரு விவசாயியும் வாங்க முடியாது. பல ஊர் நெல்லை ஒரே இடத்தில் குவிக்கச் சொல்லும் அரசு, அந்த இடத்தில் ஓர் உலர்த்தியையும் கூரை போட்ட களத்தையும் வைக்கலாம். வானம் மூடியிருக்கும்போது 17 சதவீதத்தை விவசாயி தன் காலால் கிளறி உண்டாக்க முடியாது.

ஒவ்வொரு மழைக்கும் தளர்வு கேட்டு மாநில அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதுகிறது. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை அனுமதி வந்தது. 2023 பிப்ரவரியில், பருவம் தவறிய மழைக்குப் பிறகு 20 வரை வந்தது. 2025 அக்டோபரில் 22 வரை கேட்டார்கள். மத்தியக் குழுக்கள் வந்தன, மாதிரி எடுத்தன. நவம்பரில் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்றார்கள். ஏற்றிருந்தாலும் எங்களுக்கு என்ன பயன்? குழு வந்து, ஆய்வு நடந்து, ஆணை வருவதற்குள் குவியலின் அடியில் முளை கண்டுவிடும். குறுவையில் போடும் குறுகிய கால ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம், அதாவது நனைந்தாலும் உடனே முளைக்காமல் இருக்கும் தன்மை, குறைவு. நனைந்த மூன்றாம் நாளே வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். முளைத்த நெல்லுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதாவது, ஈரத்துக்காகக் காக்க வைத்த நெல் பிறகு முளைத்ததற்காகத் தள்ளப்படும். டெல்டாவில் ஐப்பசியில் மழை பெய்வது எதிர்பாராத பேரிடரா என்ன? மழைமானி இவ்வளவு காட்டினால் இத்தனை நாளுக்கு இந்த வரம்பு, இந்தப் பிடித்தம் என்று பருவம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடலாமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அப்பாவை மிகவும் உடைத்தது இதுதான். ஒன்பதாம் நாள் மீண்டும் அளந்தபோது ஒரு பிடிக்கு 17.9, அதே குவியலில் அடுத்த பிடிக்கு 17.1. எந்தப் பிடி எங்கள் நெல்? மேலிருந்து எடுத்தால் ஒன்று, நடுவிலிருந்து எடுத்தால் வேறொன்று. எத்தனை இடத்தில் எடுத்துக் கலந்து அளந்தார்கள் என்பதற்குத் தாளில் ஒரு பதிவும் இல்லை. "ஈரம்" என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த இடத்தில் அளவுக்குச் சாட்சி இல்லையோ, அங்கேதான் மூட்டைக்கு இவ்வளவு லஞ்சம் என்ற பேச்சு முளைக்கிறது. நேர்மையாக இருக்கும் எழுத்தரையும் அந்தப் பேச்சு விடுவதில்லை.

கருக்காய் தூற்றுவதைப் பற்றி எனக்குக் குறையில்லை. அது கண்ணெதிரே நடக்கிறது, பதர் பறப்பதை நாமே பார்க்கிறோம். சன்னமா பொதுவா என்பதையும் மணியின் நீளத்தை அகலத்தால் வகுத்து, இரண்டரையோ அதற்கு மேலோ என்றால் சன்னம் என்று யாரும் சரிபார்த்துவிடலாம். ஈரம் மட்டும்தான் கருவி சொல்வதே வேதமாக இருக்கிறது.

வரும் மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அப்பாவோடு நானும் போகிறேன். மனுவில் எழுதியிருப்பவை இவைதான்: அளந்த எண், நேரம், எத்தனை இடத்தில் மாதிரி எடுத்தார்கள் என்ற விவரத்தோடு அச்சிட்ட சீட்டு, திருப்பி அனுப்பினாலும் அந்தச் சீட்டு, மாதிரியில் ஒரு பை முத்திரையிட்டு விவசாயி கையில், கருவியைச் சரிபார்த்த தேதி அதன் மேலேயே. சம்பா அறுவடை தை மாதம் தொடங்கிவிடும். உங்கள் ஊர் நிலையத்தில் யாருக்காவது எழுத்தில் அளவு கொடுத்திருந்தால் அந்தச் சீட்டின் படத்தைக் கீழே பதியுங்கள், மனுவோடு இணைத்துக்கொள்கிறேன்.