நவம்பர் 9-க்கு ஜாதகம் எழுதாதீர்கள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு 'வரலாற்றில் இன்று' பட்டியலைத் தட்டிவிட்டிருந்தார். ஜெர்மனிக்கு மட்டும் தனியாக ஐந்து வரி: 1848, 1918, 1923, 1938, 1989. எல்லாமே நவம்பர் 9. கடைசியில் அவர் கைவண்ணம்: "ஒன்பது செவ்வாயின் எண், ரத்தம் பார்க்காமல் விடாது."

சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் ஜெர்மன்காரர்களே இந்தத் தேதிக்கு 'ஷிக்சால்ஸ்டாக்', அதாவது விதியின் நாள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான். நாள் செய்வது நல்லார் செய்யார் என்போம். இங்கே நாள் ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் ஆட்கள்.

1848-ஐத் தற்செயல் என்றே விட்டுவிடலாம். பிராங்பர்ட் தேசிய மன்ற உறுப்பினர் ராபர்ட் ப்ளூம் வியன்னாப் புரட்சிக்காரர்களோடு நின்றார், பிடிபட்டார். மன்ற உறுப்பினருக்கான சட்டப் பாதுகாப்பை மயிரளவும் மதிக்காமல் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் அவருக்கு 41 வயது நிறைந்திருக்கும்.

சங்கிலி தொடங்குவது 1918-இல். கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், சம்மதம் சொல்வதற்கு முன்பே, அவர் முடிதுறந்துவிட்டதாகப் பிரதமர் மாக்ஸ் ஃபான் பாடன் அறிவித்துவிட்டார். மதியம் இரண்டு மணி வாக்கில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஷைடமன், சாப்பிட்டுக்கொண்டிருந்த சூப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய், நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசை அறிவித்தார். அவரே பின்னாளில் எழுதிய கதை இது. யாரைக் கேட்டுச் சொன்னாய் என்று கட்சித் தலைவர் ஏபர்ட் மேசையைக் குத்தினாராம். இரண்டு மணி நேரம் கழித்து தீவிர இடதுசாரித் தலைவர் லீப்க்னெக்ட் அரண்மனைப் பக்கம் நின்று இன்னொரு குடியரசை அறிவித்தார். ஒரே ஊர், ஒரே நாள், இரண்டு குடியரசு!

அந்தக் குடியரசை 'நவம்பர் குற்றவாளிகளின்' வேலை என்று வசைபாடியே வளர்ந்தவர் ஹிட்லர். ஐந்து வருடம் கழித்து, அதே நவம்பரில், மியூனிக் பீர் கூடத்தில் ஆட்சிக் கவிழ்ப்புக்குக் கிளம்பினார். 9-ஆம் தேதி போலீஸ் சுட்டது, கூட்டம் சிதறியது. ஐந்தாண்டுத் தண்டனை, தீர்ப்புக்குப் பிறகு ஒன்பது மாதம்கூட உள்ளே இல்லை. ஆட்சிக்கு வந்தபின் அந்தத் தோல்வியையே திருவிழாவாக்கினார்கள். நவம்பர் வந்தால் 8-ஆம் தேதி பேச்சு, 9-ஆம் தேதி ஊர்வலம்.

பட்டியல்கள் சொல்லாத இடம் இதுதான். 1938-இல் பாரிஸில் 17 வயது யூதப் பையன் ஒருவனால் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி ஃபொம் ராத், நவம்பர் 9 மாலை இறந்தார். சேதி மியூனிக் வந்தபோது, நாஜிக் கட்சியின் பழைய ஆட்கள் எல்லாரும் 1923-இன் நினைவு விருந்துக்காக ஒரே மண்டபத்தில் கூடியிருந்தார்கள். பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அங்கேயே பேசித் தூண்டிவிட்டார். அங்கிருந்தே அவரவர் ஊருக்குத் தொலைபேசி பறந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத ஜெபாலயங்கள் நாசம், சுமார் 30,000 ஆண்கள் வதைமுகாமுக்கு. அதற்குமேல் யூதர்கள் மீதே நூறு கோடி மார்க் அபராதம். வீட்டைக் கொளுத்திவிட்டு, புகைக்கும் காசு கேட்ட கதை. அன்றைக்கு அந்த விருந்து இல்லையென்றால் இவ்வளவு வேகம் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். இதில் செவ்வாய்க்கு என்ன வேலை, சித்தப்பா?

அதே வழக்கத்தை ஒருவர் திருப்பியும் பயன்படுத்தினார். ஹிட்லர் 8-ஆம் தேதி அந்த பீர் கூடத்துக்கு வந்தே தீருவார் என்று தெரிந்துதான் கேயார்க் எல்சர் என்ற தச்சர் இரவிரவாகத் தூணைக் குடைந்து குண்டு வைத்தார். 1939-இல் அது வெடிப்பதற்கு 13 நிமிடம் முன்னால் ஹிட்லர் கிளம்பிவிட்டார்.

1989 வேறு ரகம். கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர் முன் ஒரு தாளைப் புரட்டுகிறார். புதிய பயண விதி எப்போதிலிருந்து என்ற கேள்விக்கு, "எனக்குத் தெரிந்தவரை... உடனே" என்கிறார். மறுநாள் காலை வெளியாக வேண்டிய அறிவிப்பு அது. மக்கள் பெர்லின் சுவரை நோக்கி நடந்தார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் ஹரால்ட் யேகர் என்ற அதிகாரி, மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு எதுவும் வராமல், இரவு பதினொன்றரை வாக்கில் கதவைத் திறந்துவிட்டார். அன்று வியாழக்கிழமை. வியாழன்தோறும் போவதுபோல் சவுனா என்னும் நீராவிக் குளியலுக்குப் போய்விட்டுத்தான், பின்னாளில் ஜெர்மன் பிரதமரான அங்கேலா மெர்க்கல் எல்லையைத் தாண்டினார்.

பிறகு ஏன் இதைத் தேசிய விடுமுறை ஆக்கவில்லை என்று கேட்கிறார்கள். ஆக்கியிருந்தால் 1938 நினைவாக மெழுகுவத்தி ஏற்றும் தெருவிலேயே வாணவேடிக்கை விட்டிருப்பார்கள். அக்டோபர் 3 சப்பென்ற தேதிதான், 1990-இல் இரு ஜெர்மனிகளும் ஒப்பந்தப்படி இணைந்த நாள். கொண்டாட அதுவே போதும் என்பது என் கட்சி.

சித்தப்பா பட்டியலில் ஒரு பிறந்தநாள்கூட இல்லை. 1914 நவம்பர் 9-இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் ஹெடி லமார் பிறந்தார். ஹாலிவுட் நட்சத்திரம், 1942-இல், எதிரி குலைக்க முடியாதபடி ரேடியோ அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருக்கும் முறைக்குக் கூட்டாகக் காப்புரிமை பெற்றவர். ஜெர்மன் பேசும் நாடுகளில் அவர் பிறந்தநாளைக் கண்டுபிடிப்பாளர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். குழுவில் இதைப் போட்டேன். "அவங்க ராசி என்ன?" என்று பதில் வந்தது.